இரண்டாவது கன்ட்ரோலர்

இது நடந்த விஷயம். பேய்க் கதை படிக்கிறவர்களுக்கு இந்த வரி பழகிப் போயிருக்கும். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உள்ளே போனால் பாழடைந்த பங்களா, நாய் ஊளை, பன்னிரண்டு மணி. இதில் அதெல்லாம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுள்ளென்ற வெயிலில், பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு மூன்றாவது மாடி வீட்டில் நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சொன்ன ஆளை நான் நம்புகிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை வந்து பார்ப்பவர். இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி, தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு தொங்க, விசில் அடித்துக்கொண்டே கிரீஸ் தடவுகிற மனிதர். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவர் இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரிடமே பேசிக்கொண்டிருந்தார். பயத்தில்தான் அப்படி என்று முதலில் நினைத்தேன். பாதி கேட்ட பிறகுதான் அது வெட்கம் என்று புரிந்தது.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கை, கால், மூக்கு எதுவும் ஒட்டவில்லை.

மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரே ஒரு அண்ணன். பெரிய தையல் கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். மேஜை முழுக்கத் துணியை விரித்து, சாக்பீஸால் நாலு கோடு இழுத்து, கத்தரியை ஓட்டினார் என்றால் மறு பேச்சு கிடையாது. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன், எனக்கு மட்டும் எதுவும் செட் ஆகல" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். தங்கை கல்யாணமான புதிதில், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்பக்கம் நான்கு ஓட்டை, நான்கு கன்ட்ரோலர், ஒரே ஒரு கேசட். மல்யுத்தம்.

"சீர் செய்ய எங்கிட்ட வேற என்ன இருக்கு மாப்ள? வாங்க, உக்காருங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான் மெக்கானிக். பத்து வருஷம் எழுந்திருக்கவில்லை.

அந்த விளையாட்டை இப்போது பார்த்தால் சிரிப்பீர்கள். ஆட்களின் முஷ்டி செங்கல் மாதிரி சதுரமாக இருக்கும். விரல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. முகம் என்பது மண்டையில் ஒட்டிய போட்டோ. உதைத்தாலும் மிதித்தாலும் அதே பாவனைதான். பின்னால் தெரியும் கூட்டமும் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியது. ஒரே மஞ்சள் சட்டைக்காரர் நாற்பது இடத்தில் கைதட்டிக்கொண்டிருப்பார். ஆனால் ஆளைத் தலைக்கு மேல் தூக்கி மேடையில் போட்டால் ஒரு சத்தம் வரும் பாருங்கள்... தொம்! அந்த ஒரு சத்தத்துக்குச் சொத்தை எழுதி வைக்கலாம்.

இப்போது வருகிற விளையாட்டுகளில் வியர்வை சொட்டுவதுகூடத் தெரிகிறது. எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று கற்றுக்கொள்வதற்குள் ஆடுகிற ஆசையே விட்டுப் போகிறது. இதில் விஷயம் எளிது. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னப் பிடி. அழுத்திப் பிடித்தால் பெரிய பிடி. எதிராளி எந்த நொடியில் அதைத் தடுக்கிறான் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. முக்கியமாக, நான்கு பேரும் ஒரே சோபாவில் ஒட்டி உட்கார வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பக்கத்து ஆளை முழங்கையால் இடிக்கலாம். எங்கேயோ முகம் தெரியாத ஆளோடு இணையத்தில் ஆடும்போது யாரை இடிப்பது?

நமக்குப் பிடித்த மாதிரி ஒரு ஆளை நாமே செய்துகொள்ளவும் அதில் வசதி உண்டு. அதற்காகவே மச்சான் கடைக்கு ஒரு நாள் லீவு போட்டார். மற்றவர்கள் மலை மலையாக ஆளைச் செய்து வைத்திருக்க, இவர் செய்தது குட்டையாக, வழுக்கையாக, கொஞ்சம் தொப்பையோடு, கத்தரிப்பூ நிறத்தில் பேன்ட் போட்ட ஒரு ஆள். அந்த பேன்ட்டை மட்டும் இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இடுப்புல ரெண்டு இன்ச் லூசு மாப்ள. எவன் வெட்டுனான் இதை?" என்று திரையைப் பார்த்துத் திட்டினார். குட்டையன் என்று பெயர் வைத்தார்கள். பார்க்கத்தான் அப்படி. மச்சான் கையில் குட்டையன் இருந்தால் எதிரே நிற்கிற மலையெல்லாம் மடமடவென்று சாயும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜோடி ஆட்டம். மெக்கானிக்கும் மச்சானும் ஒரு பக்கம். கீழ்த்தளத்தில் பேக்கரி வைத்திருந்தவரும் அவர் தம்பியும் மறுபக்கம். ஒருவர் உள்ளே சண்டை போட, கூட்டாளி கயிற்றுக்கு வெளியே மூலையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர் போய் அந்தக் கையைத் தொட்டால்தான் அவர் உள்ளே வர முடியும். "மாப்ள, கை குடுங்க" என்பார் மச்சான். கை கொடுத்தால் போதும். ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். தோற்றவர்கள்தான் டீ போட வேண்டும். பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார்.

பிறகு மச்சானுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தார், பேசினார், சாப்பிட்டார். வலது கட்டை விரல் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஒன்று நினைத்தால் ஒரு நொடி கழித்துத்தான் அசைந்தது. அசைந்தாலும் நடுங்கி, ஒரு தடவை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு தடவை அழுத்தியது. கத்தரி பிடிக்கிற வேலை போயிற்று. தங்கை வீட்டோடு வந்துவிட்டார். பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மர அலமாரி. கத்தரியை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று மட்டும் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. குட்டையன் அடி வாங்கினான். எதிராளி இடப்பக்கம் நின்றால் வலப்பக்கம் பார்த்துக் குத்தினான். கயிற்றில் இடித்துக்கொண்டு விழுந்தான். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெக்கானிக் தங்கமான மனிதர்தான். ஆனால் தோல்வி மட்டும் அவருக்கு ஆகாது. சின்ன விளையாட்டுதானே என்று நாம் சொல்லலாம். வாரம் முழுக்க அடுத்தவர்களின் லிஃப்டுக்குள் குனிந்து கிடக்கிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நிமிர்ந்து உட்காருகிற நேரம். தொடர்ந்து டீ போட்டு அலுத்தவர், கை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். "கை குடுங்க மாப்ள" என்று பக்கத்தில் குரல் வரும். "இருங்க மச்சான், இவனை முடிச்சிட்டு வர்றேன்" என்பார். தனியாக இரண்டு பேரோடு மோதித் தோற்பார். குட்டையன் வெளியே கையை நீட்டியபடி ஆட்டம் முழுக்க நிற்பான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மச்சான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரம். மெக்கானிக் இரண்டாவது கன்ட்ரோலரின் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். நுனியை டிவி ஸ்டாண்டின் துணிக்கு அடியில் செருகினார். குட்டையனை கம்ப்யூட்டரே ஆடும்படி மாற்றி வைத்தார். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. திரையின் அடியில், மனிதர் ஆடினால் '1பி', '2பி' என்று வரும். கம்ப்யூட்டர் ஆடினால் 'காம்' என்று வரும். பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டினார். "டிவி கண்ணாடி ஓரத்துல கீறல் விட்டிருக்கு மச்சான்" என்றார். மச்சான் தலையாட்டினார்.

அன்றைக்கு ஜெயித்தார்கள். கம்ப்யூட்டருக்கு விரல் நடுங்காது அல்லவா! குட்டையன் புகுந்து விளையாடினான். மச்சான் தம் பிடித்து, உடம்பெல்லாம் வளைந்து, எதற்கும் பயனில்லாத அந்தப் பட்டன்களை அழுத்திக்கொண்டே இருந்தார். டிக்... டிடிக். டிக்... டிடிக். ஜெயித்ததும் திரையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

நல்லது செய்துவிட்டதாகத்தான் மெக்கானிக் நினைத்தார். மச்சானுக்கும் சந்தோஷம், நமக்கும் டீ போடுகிற வேலை இல்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேக்கரிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தார். தோற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று. அவர்களும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் அது ஒரு தமாஷாகவே ஆகிவிட்டது. "மாஸ்டர், அந்தப் பிடி எப்படிப் போட்டீங்க? எங்களுக்கும் சொல்லித் தரக்கூடாதா?" என்பார் பேக்கரிக்காரர், முகத்தை இறுக்கிக்கொண்டு. மச்சானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி விளக்குவார்.

ஒரு நாள் பேக்கரித் தம்பி மச்சானின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, உடம்பை வளைத்து, கட்டை விரலை நடுக்கி, காற்றில் பட்டன் அழுத்திக் காட்டினான். அச்சு அசலாக இருந்தது. மெக்கானிக்குக்கு டீ புரையேறியது. சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சோபாவில் சாய்ந்து சிரித்தார். மச்சான் திரும்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இதைச் சொன்னபோது மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அந்தச் சிரிப்பை மட்டும் திருப்பி எடுக்க முடிஞ்சா என் ஒரு கையையே தர்றேன் சார்" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் மச்சான் நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள்தான் இருந்தார்.

வீடு வெறிச்சென்று ஆனது. பின்னறையின் கதவைச் சும்மா சாத்தி வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மெக்கானிக்கே ஒயரைச் சுருட்டி மச்சானின் கட்டில் மேல் வைக்கும் இரண்டாவது கன்ட்ரோலர் கண்ணில் படவில்லை. மனைவி எடுத்து அலமாரிக்குள் வைத்திருப்பாள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஒயர் விஷயம் மனைவிக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரியாமலேயே போய்விட்டது. அது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆறுதல். அந்த மனிதர் கடைசி வரைக்கும் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டே போயிருக்கிறார். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மெக்கானிக் ராத்திரியில் தூங்கினார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். மணி இரண்டு நாற்பது. சாப்பிட்டு முடித்த தட்டு இன்னும் மேஜையில் இருந்தது. கீழே பேக்கரி ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு தெருவிலும் சத்தம் இல்லை. மெக்கானிக் கேம் பெட்டியைத் துடைத்தார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. கை அதுவாகப் போய் ஸ்விட்சைத் தட்டியது.

ஜோடி ஆட்டம். முதல் ஆள், தானே. கூட்டாளி, குட்டையன். இரண்டாவது இடத்தில் 'காம்' என்று அவரே மாற்றி வைத்தார். எதிரிகள் இருவரும் கம்ப்யூட்டர்தான்.

டிவியில் அந்தக் கறுப்பு டேப் இன்னும் ஒட்டியிருந்தது. பார்க்கவே கூசியது. இனி யாரிடம் மறைக்க வேண்டும்? நகத்தால் கிளப்பி இழுத்தார். பிசின் நூலாக வந்தது. ஆட்டம் ஆரம்பிக்கிற மணி அடித்தது. டேப் இருந்த இடத்தில், குட்டையனின் பெயருக்குக் கீழே எழுத்து தெரிந்தது.

2பி.

தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்தார். நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து. 'காம்' என்று பார்த்துப் பார்த்து வைத்தார். மணி அடித்தது.

2பி.

குனிந்து பெட்டியைப் பார்த்தார். நான்கு ஓட்டையில் ஒன்றில்தான் ஒயர் இருந்தது. அவருடைய ஒயர். மற்ற மூன்றும் காலி. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகினார். பழைய பெட்டி. தூசி படிந்தால் இப்படி ஏதாவது கோளாறு செய்யும். மெஷின் என்றால் கோளாறு இருக்கும். தன் தொழிலே அதுதானே என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது தடவையும் 2பி.

சரி, ஆடுவோம் என்று உட்கார்ந்தார். உள்ளே அவருடைய ஆள். வெளியே மூலையில் குட்டையன், கையை நீட்டியபடி. எதிரி இவரைத் தூக்கிப் போட்டான். தொம். மேலே படுத்து அழுத்தினான். கம்ப்யூட்டர் கூட்டாளியாக இருந்தால் இந்த நேரத்தில் கயிற்றைத் தாண்டி ஓடி வந்து காப்பாற்றும். எப்போதும் அப்படித்தான்.

குட்டையன் வரவில்லை.

நின்ற இடத்திலேயே நின்றான். கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது கேட்டது.

டிக்... டிடிக்.

குழாய் சொட்டுகிறது என்று நினைத்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். கூட்டத்தின் இரைச்சல் அடங்கியது. வீடு முழுக்க அமைதி.

டிக்... டிடிக்.

பின்னறையிலிருந்து வந்தது.

திரையைப் பார்த்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நொடி முன்போ பின்போ இல்லை... சரியாக அதே நேரத்தில், குட்டையனின் கை ஒரு தடவை துடித்தது. கை கொடு என்று கேட்கிற துடிப்பு அது. மனிதர் பட்டனை அழுத்தினால் மட்டும் வருகிற துடிப்பு.

டிக்... டிடிக். கை துடித்தது.

டிக்... டிடிக். கை துடித்தது.

எழுந்து ஓடத் தோன்றவில்லை. வேறு ஒன்று செய்தார். ஏன் செய்தேன் என்று தெரியாது என்கிறார். தன் ஆளை நடத்திக்கொண்டு போய், மூலையில் நிறுத்தி, அந்தக் கையைத் தொட்டார்.

குட்டையன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான்.

எதிராளி இடப்பக்கம் நின்றான். குட்டையன் வலப்பக்கம் பார்த்துக் குத்தினான். காற்றைக் குத்தினான். திரும்பினான்... ஒரு நொடி தாமதமாக. அதற்குள் அடி விழுந்தது. எழுந்தான். நடந்து போய்க் கயிற்றில் இடித்துக்கொண்டான். விழுந்தான். எழுந்தான்.

டிக்... டிடிக்.

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. மச்சான் ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் இது. ஒயரைப் பிடுங்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தத் திரையில் ஓடியிருக்க வேண்டிய ஆட்டம். தான் பார்க்க விரும்பாத ஆட்டம். தோற்கிற ஆட்டம். இப்போது கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரிகள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவன் பிடித்துக்கொள்ள ஒருவன் அடித்தான். குட்டையன் விழுந்தான். எழுந்தான். விழுந்தான். ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் எதிரியைப் பார்க்காமல் மூலையைப் பார்த்துத் திரும்பினான். அந்த ஒட்டுப் போட்ட முகத்தில் ஒரு பாவனையும் இல்லை. ஆனால் அது தன் முகத்தைத்தான் பார்க்கிறது என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் காப்பாற்றியிருக்கலாம். ஒரு பட்டன்தான். அவர் விரல் அசையவில்லை.

முகமெல்லாம் கொதித்தது. யாரும் இல்லாத வீட்டில், ஊரே கூடி நின்று பார்ப்பது மாதிரி கூசினார்.

தாங்க முடியாமல் கேம் பெட்டியின் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

பின்னறையில் சத்தம் வேகம் எடுத்தது.

டிடிக். டிடிக். டிடிக் டிடிக் டிடிக்...

அணைத்தார். டிவியையும் அணைத்தார். திரை கறுத்தது. அதில் சோபாவும் அவரும் நிழலாகத் தெரிந்தார்கள்.

டிடிக் டிடிக் டிடிக்...

நிற்கவில்லை.

எழுந்தார். பின்னறைக் கதவைத் தள்ளினார்.

வெயில் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. யாரும் இல்லை.

சத்தம் அலமாரிக்குள் இருந்து வந்தது.

மூடிய மரக் கதவுக்குப் பின்னால்.

டிடிக் டிடிக்...

கைப்பிடியைத் தொட்டார். கதவின் அதிர்வு விரலில் ஏறியது.

"மச்சான்..." என்றார்.

நின்றது.

எதுவும் கேட்கவில்லை. அலமாரியின் அந்தப் பக்கத்தில் யாரோ காது கொடுத்துக் காத்திருப்பது மாதிரி இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். எதற்கு என்று கேட்டால்? ஒயரைப் பிடுங்கியதற்கா? சிரித்ததற்கா? தெரியாமல் போன மனிதரிடம் இப்போது போய் அதைச் சொல்வதா? வாய் வரைக்கும் வந்தது உள்ளேயே போயிற்று. கைப்பிடியைத் திருப்பவும் துணியவில்லை, விடவும் துணியவில்லை. வாசலில் காலிங் பெல் அடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

மனைவிதான். பைகளை வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். அவள் பால்கனியிலிருந்து துணிகளை எடுத்து வந்து சோபாவில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது பேச்சை எடுத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை ஆடுவோம்ல... மச்சான் கையில இருந்த கன்ட்ரோலர்..."

"ம்."

"அதுல ஒயர் போட்டிருக்க மாட்டேன். கழட்டி வெச்சிடுவேன். மச்சானை ஆட விடல நான். ஏமாத்திட்டேன். கூட உக்காந்து சிரிச்சேன் வேற."

அவள் சட்டையின் கையை உள்ளே மடித்தாள். காலரை நீவினாள். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள்.

"அந்த கன்ட்ரோலர் வீட்டுல இருக்க வேணாம். நீயே எடுத்து எங்கயாவது போட்டுடு. என்னால தொட முடியல."

"எது?"

"அலமாரியில இருக்குல்ல, அது. மச்சான் அலமாரியில."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்து பின்னறைக்குப் போனாள். இவரும் பின்னாலேயே போனார். அவள் கைப்பிடியைத் திருப்பி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மடித்த சட்டைகள். சாக்பீஸ் டப்பா. துணியில் சுற்றிய கத்தரி. சுருட்டி வைத்த அளவு டேப். வேறொன்றும் இல்லை.

"இங்க எப்படிங்க இருக்கும்? அதை அண்ணன் கூடவே அனுப்பியாச்சே. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான்தான் அவர் கைக்கடியில வெச்சேன். மேல துணி போத்தியிருந்துச்சு, நீங்க பாக்கல."

மெக்கானிக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்... ஏன் அப்படிப் பண்ணே?"

"அண்ணன்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னிக்கு, ஷூ மாட்டிக்கிட்டே. 'நான் திரும்பி வரலைன்னா அந்த கன்ட்ரோலரை வீட்டுல வெக்காதம்மா. மாப்ள அதைப் பாக்குறப்பல்லாம் கூனிக் குறுகிப் போவாரு. பாவம், அவருக்குத் தெரியாமலே என்கூட அனுப்பிடு'ன்னாரு."